பெங்கெல் கதவு திறந்திருந்த காலம்

ரப்பர் மரத்தின் பட்டைக்குள் பால்குழாய்கள் செங்குத்தாக ஏறுவதில்லை. சற்றே வலப்புறம் சாய்ந்து ஏறுகின்றன. அதனால்தான் வெட்டுக்கோடு இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்க வேண்டும். மாற்றி வெட்டினால் அறுபடும் குழாய்கள் குறையும், பாலும் குறையும். ஒரு வெட்டுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் பட்டை போனால் போதும். அதற்கு மேல் போவது பட்டைக்கு நட்டம். கத்தி ஆழமாக இறங்கிவிட்டால் மரம் புண்ணாகும். அந்த இடத்தில் மறுபட்டை வளரும்போது முண்டும் முடிச்சுமாகத்தான் வரும், பிறகு அதில் கத்தி ஓடாது. மரத்தைக் கொல்லாமல் ஒரே காயத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பாலெடுக்கும் இந்த முறையை 1890களில் சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவில் செய்து காட்டியவர் எச்.என். ரிட்லி. அவரைப் பாடநூல்கள் மறக்கவில்லை. காஹாங் வட்டாரத் தோட்டங்களில் விடியுமுன் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு நிரையில் இறங்கிய பெண்கள் இத்தனையையும் கையால் தெரிந்து வைத்திருந்தார்கள். அதைப் படிப்பு என்று யாரும் சொன்னதில்லை. அவர்களும் சொல்லிக்கொண்டதில்லை.

காஹாங் பெரிய ஊர் இல்லை. ஜொகூரில் குளுவாங்கிலிருந்து கிழக்கே மெர்சிங் போகும் 50ஆம் எண் சாலையில் ஒரு கடைத்தெரு, அதைச் சுற்றிச் செம்பனை. எண்டாவ்-ரொம்பின் தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்கள் இங்கே திரும்பி, 56 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கம்போங் பேத்தாவுக்குக் காட்டுவழியாகப் போவார்கள். மற்றவர்களுக்கு இது பேருந்து சற்று நின்று போகும் இடம். அங்கே ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்து 1990களில் பள்ளிக்குப் போன பையன் ஒருவனைப் பற்றியது இந்தக் கட்டுரை. அவன்தான் இப்போது தலை நரைத்து இதை எழுதிக்கொண்டிருக்கிறான் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடலாம். ஆனாலும் ‘அவன்’ என்று தள்ளி நின்று பார்ப்பதே வசதியாக இருக்கிறது.

அவனுடைய அம்மா பால்வெட்டுக்காரர். புதிதாக வேலைக்கு வருகிறவர்களை நல்ல மரத்தில் கத்தி வைக்க விடமாட்டார்கள். சாய்க்கப்போகும் கிழட்டு மரங்களில்தான் பழக்குவார்கள். எவ்வளவு புண் போட்டாலும் தோட்டத்துக்கு நட்டமில்லை, கை மட்டும் படியும். மேற்பார்வை பார்க்கும் மண்டோர் பக்கத்தில் நின்று வெட்டிய பட்டைச் சீவலைக் கையில் எடுத்துப் பார்ப்பார். சீவல் மெல்லியதாக, ஒரே தடிமனாக, அறுந்துபோகாமல் இருந்தால் ஆள் தேறிவிட்டார். வாய்ப்பாடு, கட்டுரை, கேள்வித்தாள் எதுவும் கிடையாது. இன்றைய ஆசிரியர் பயிற்சி வகுப்புகளில் எவ்வளவோ பெயர் சூட்டிப் பேசப்படும் மதிப்பீட்டு முறைகளில் இவ்வளவு நேர்மையானதை அவன் பிறகு அதிகம் பார்த்ததில்லை.

சாயங்காலம் வாசல் படியில் உட்கார்ந்து அம்மா கத்தி தீட்டுவார். தண்ணீர் தெளித்துச் சாணைக்கல்லில் நாலு இழுப்பு. பிறகு கட்டைவிரல் நகத்தின் மேல் முனையை மெதுவாக வைத்துப் பார்ப்பது. நகத்தில் வழுக்கினால் இன்னும் தீட்ட வேண்டும், பிடித்தால் சரி. அவன் கை நீட்டினால் கத்தி முதுகுப்பக்கம் போய்விடும்.

“நீ இதைத் தொட்டா இங்கயே நின்னுடுவ.”

அந்தச் சொல்லில் எரிச்சலைவிடப் பயம்தான் அதிகம். பயத்துக்குக் காரணமும் இருந்தது. தோட்டங்களில் பள்ளி வைக்க வேண்டும் என்ற கட்டாயம் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தோடு வந்தது. பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் ஒரு பள்ளிக்கூடம். அப்படி வந்த பள்ளிகள் எழுத்தும் எண்ணும் சொல்லிக்கொடுத்தன. அதற்கு மேல் அந்தப் பிள்ளைகள் எங்கே போவார்கள் என்று தோட்ட நிர்வாகங்கள் கவலைப்பட்டதில்லை. புல்லு வெட்டவும் பால் மங்கு துடைக்கவும் கை தேவைப்பட்டது, பிள்ளைகளுக்குக் கை இருந்தது. தலைமுறை தலைமுறையாக அதைப் பார்த்த ஒரு தாய், பள்ளிக்கூடத்தில் கைவேலை என்று யாராவது சொன்னால் சந்தேகப்படாமல் என்ன செய்வார்?

இந்தச் சந்தேகம் மலாயாத் தமிழருக்கு மட்டும் உரியதில்லை. 1953இல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் கிராமப் பள்ளி நேரத்தை நாளுக்கு மூன்று மணியாகச் சுருக்கியது. மிச்ச நேரத்தில் பிள்ளைகள் வீட்டுத் தொழிலையோ ஊர்த் தொழிலையோ பழகட்டும் என்றது. ‘குலக்கல்வி’ என்று பெயர் வைத்துப் பெரியாரும் தி.மு.க.வும் எதிர்த்தார்கள். அடுத்த ஆண்டே ராஜாஜி பதவி விலகினார். காமராசர் முதல்வராக வந்து திட்டத்தைக் கைவிட்டார். அது போனது சரியே. வண்ணான் மகன் வெளுக்கவும் குயவன் மகன் பானை வனையவும் அரசே நேரம் ஒதுக்கிக் கொடுத்தால் அதற்குப் பெயர் கல்வியில்லை. ஆனால் அந்தச் சண்டைக்குப் பிறகு தமிழ் வீடுகளில் ‘கைத்தொழில்’ என்ற சொல்லே பள்ளிக்கூடத்துக்கு ஆகாத சொல்லாகிவிட்டது. உளியைக் கண்டால் சாதியையும் லயத்தையும் நினைக்கும் பழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் தமிழர்கள் அதற்கு முன்பே பார்த்திருக்கிறார்கள். 1910இல் ஜொஹானஸ்பர்க் அருகே கட்டடக்கலைஞர் ஹெர்மன் காலன்பாக் தன் 1,100 ஏக்கர் நிலத்தைச் சத்தியாக்கிரகக் குடும்பங்களுக்குத் திறந்துவிட்டார். அதுதான் டால்ஸ்டாய் பண்ணை. அங்கே இருந்தவர்களில் தமிழ்க் குடும்பங்கள் பல. காலன்பாக் மரியன்ஹில் மடத்துத் துறவிகளிடம் போய்ச் செருப்புத் தைக்கக் கற்று வந்து காந்திக்குக் கற்பித்தார். காந்தி பிள்ளைகளுக்குக் கற்பித்தார். தச்சு வேலையும் நடந்தது. ஆசிரியர் செய்யாத வேலையைப் பிள்ளையிடம் சொல்லக்கூடாது என்பது பண்ணையின் விதி. கற்பித்தவர் யாரும் பிறப்பால் செருப்புத் தைக்கிறவர் இல்லை என்பதைத்தான் இங்கே கவனிக்க வேண்டும். வக்கீல் தைத்தார், கட்டடக்கலைஞர் தைத்தார், சத்தியாக்கிரகியின் பிள்ளையும் தைத்தது. காந்தி தைத்த ஒரு ஜோடி, அவர் எதிர்த்துப் போராடிய அரசின் ஜெனரல் ஸ்மட்ஸுக்கே போய்ச் சேர்ந்தது. ஒரே வேலை, எல்லோருக்கும். குலக்கல்விக்கும் இதற்கும் உள்ள தூரம் அவ்வளவுதான், ஆனால் அது பெரிய தூரம்.

இந்த எண்ணமே 1937இல் வார்தா மாநாட்டில் ஆதாரக் கல்வியாக வளர்ந்தது. அதைச் சேவாகிராமத்தில் நடத்திக் காட்டியவர்களில் முதன்மையானவர் ஓர் இலங்கைத் தமிழர், இ.டபிள்யூ. ஆரியநாயகம், உடனிருந்தவர் அவர் மனைவி ஆஷாதேவி. பிள்ளைகள் நூற்ற நூலை விற்றே ஆசிரியர் சம்பளத்தைத் தேடிக்கொள்ளலாம் என்று காந்தி எதிர்பார்த்த இடத்தில்தான் திட்டம் இடறியது. பிள்ளை செய்த பொருள் விலைக்குப் போக வேண்டும் என்றால் பிள்ளை பிழை செய்யக்கூடாது. பிழை செய்யக்கூடாத இடம் தொழிற்சாலை. ஃபின்லாந்து இந்தச் சிக்கலில் மாட்டவில்லை. உனோ சிக்னேயஸின் முயற்சியால் 1866லிருந்தே அங்கே கைவேலை கட்டாயப் பாடம். செய்த பொருளை விற்கப் போவதில்லை, வீட்டுக்கு எடுத்துப் போவார்கள்.

காஹாங்குக்குத் திரும்பலாம்.

தமிழ்ப்பள்ளியில் அவன் கையால் செய்தவை என்று சொல்ல அதிகமில்லை. கையின் பாடம் கோயிலில் நடந்தது. திருவிழாவுக்கு முதல் நாள் குருத்தோலை வந்து இறங்கும். பெரியவர்கள் தோரணம் கிழிப்பார்கள், கிளி மடிப்பார்கள். சிறுவர்கள் பக்கத்தில் குந்தி முதலில் கெடுத்து, பிறகு கற்பார்கள். காவடிக்குப் பிரம்பு வளைக்கும் தாத்தா ஒருவர் பிரம்பை நெருப்பில் காட்டும் பக்குவத்தை எவ்வளவு கேட்டாலும் வாயால் சொல்லமாட்டார். “பாரு” என்பார், அவ்வளவுதான். நோன்புப் பெருநாள் சமயத்தில் கம்பத்து நண்பன் வீட்டில் அதே குருத்தோலையில் கெத்துப்பாட் கூடு பின்னுவார்கள். தோரணம் மடித்த விரல் கெத்துப்பாட்டைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டது. நண்பனின் அம்மா, “இந்தியப் பையன் கை நல்ல கை” என்று சொல்லி முதல் கூட்டை அவனிடமே கொடுத்தார்.

ஆறாம் ஆண்டுக்குப் பிறகு இடைநிலைப்பள்ளி. நேராகப் படிவம் ஒன்றுக்குப் போகவில்லை. மலாய் மொழி போதவில்லை என்று தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளில் பலரைப் போல் அவனும் ‘பெராலிஹான்’ எனப்படும் புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்கார்ந்தான். அந்த ஆண்டு கற்றுக்கொண்டதில் முக்கியமானது, வாயை மூடிக்கொண்டு கடைசி வரிசையில் இருப்பது எப்படி என்பது. வரலாற்றுப் பாடத்தில் கேள்வி வந்தால் பதில் தெரியும், வாக்கியம் வராது.

படிவம் ஒன்றில் அட்டவணையில் ‘கெமாஹிரான் ஹிடுப்’ என்று ஒரு பாடம் வந்தது. வாழ்வியல் திறன். மாணவர்கள் வாயில் அது ‘கே.எச்.’, அது நடக்கும் இடம் ‘பெங்கெல்’. தகரக் கூரை போட்ட நீளக் கொட்டகை, வைஸ் பூட்டிய மரமேசைகள், சுவர்ப் பலகையில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் வடிவத்தைப் பெயின்டால் வரைந்து மாட்டிய இடம்: ரம்பம், இழைப்புளி, மூலைமட்டம், அரம், கொட்டாப்புளி. வகுப்பு முடிந்ததும் ஏதாவது ஒரு வடிவம் காலியாகத் தெரிந்தால் யாரும் வெளியே போக முடியாது. மரம், உலோகம், மின்சாரம், குழாய், தையல், சமையல், கணக்குப் பதிவு எல்லாம் அந்தப் பாடத்துக்குள் இருந்தன. பையன்கள் பொத்தான் தைத்தார்கள், பெண்பிள்ளைகள் ஈயம் உருக்கிப் பற்றவைத்தார்கள். கடைத்தெருச் சீனரின் மகனும் ஃபெல்டா குடியேற்றக்காரரின் மகளும் தோட்டத்துப் பையனும் ஒரே மேசையில்.

மின்சாரப் பாடத்தில் முதல் வேலை மூன்று முனை பிளக் பூட்டுவது. பழுப்பு உயிர்க்கம்பி, அது ஃபியூஸ் பக்கம், நீலம் நடுநிலை, பச்சையும் மஞ்சளும் கலந்தது நிலக்கம்பி, மேலே. எல்லோரும் மூன்று கம்பியையும் ஒரே நீளத்துக்குச் சீவி, அழகாகப் பூட்டி நீட்டினார்கள். ‘சிக்கு’ என்று நாங்கள் கூப்பிடும் ஆசிரியர் வாங்கிப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் மேசையில் வைத்து, ஒயரைப் பிடித்துச் சுண்டி இழுத்தார். பிடி தளர்ந்த பிளக்குகளில் கம்பிகள் பிய்ந்து வந்தன. “எது முதலில் பிய்ந்தது?” என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. “நிலக்கம்பியைக் கொஞ்சம் நீளமாக விடுங்கள். இழுபட்டால் உயிர்க்கம்பி முதலில் போகட்டும். உங்களைக் காப்பாற்றுகிற கம்பி கடைசியில்தான் போக வேண்டும்.” நிலமுனை மற்ற இரண்டையும்விட ஏன் நீளம் என்பதையும் அப்போதே காட்டினார். சுவரில் உள்ள துளைகளின் மூடியைத் திறப்பது அந்த நீள முனைதான். அது நுழையாமல் மற்றவற்றுக்கு வழியில்லை. ஒரு மலிவுப் பிளாஸ்டிக் துண்டுக்குள் யாரோ இவ்வளவு யோசித்து வைத்திருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தோன்றியது.

அந்தப் பாடத்தில் வாக்கியம் வரவேண்டிய தேவை குறைவு. பிளக் சரியாக இருக்கிறதா என்று விளக்கு எரிந்து சொல்லிவிடும். இழைத்த பலகை சதுரமா என்பதை மூலைமட்டத்துக்கும் பலகைக்கும் நடுவே தெரியும் வெளிச்சக் கீற்று சொல்லிவிடும். கடைசி வரிசைப் பையன் முன்வரிசை மேசைக்கு வந்தான், பக்கத்து மேசைக்காரர்கள் அவனைக் கேட்டார்கள். அவனும் பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. மலாய் அப்படித்தான் அவன் வாயில் வந்தது: அரம் என்றால் கிகிர், இழைப்புளி என்றால் கெத்தாம், பிடி, திருப்பு, மெதுவாக, இன்னும் கொஞ்சம். மொழிப் பாடத்தில் பழகாத வாய் பெங்கெலில் பழகியது.

குழாய்ப் பாடத்தில் வாஷர் மாற்றக் கற்றதும் அவன் நேராக லயத்துப் பொதுக்குழாய்க்குப் போனான். அது அவனுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து ஒழுகிக்கொண்டிருந்தது; அலுவலகத்தில் சொல்லிச் சொல்லி எல்லோருக்கும் சலித்துவிட்டது. தலைவால்வை அடைத்து, குழாயின் தலையைக் கழற்றி, நைந்த ரப்பர் வளையத்தை எடுத்துப் புதியதைப் போட்டான். ஒழுகல் நின்றது. அன்று ராத்திரி அம்மா கத்தி தீட்டும்போது கையில் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். காரணம் எதுவும் சொல்லவில்லை.

அறிவியல் வகுப்பிலும் அந்தக் கை உதவியது. அடர்த்தி என்று ஒரு பாடம். உறிஞ்சு குழலின் ஒரு முனையைக் களிமண்ணால் அடைத்துத் தண்ணீரில் மிதக்கவிட்டுக் கோடு போடச் சொன்னார்கள். பிறகு உப்புத் தண்ணீரில். உப்புத் தண்ணீரில் குழல் மேலே ஏறி நின்றது. அவனுக்குத் திடுக்கென்றது. பால் ஸ்டோரில் கிராணி வாளிக்குள் மிதக்கவிட்டு எண் சொல்லும் கண்ணாடிக் கருவி இதுதான்! மெட்ரோலாக் என்பார்கள். பாலில் எவ்வளவு காய்ந்த ரப்பர் தேறும் என்று அது காட்டும். தண்ணீர் கலந்தால் தெரிந்துவிடும். சம்பளக் கணக்கு அந்த எண்ணில் நிற்கும். அம்மாவும் மற்றப் பெண்களும் வாழ்நாளெல்லாம் அந்த எண்ணை நம்பாமலும் மறுக்க முடியாமலும் வாங்கிக்கொண்டவர்கள். அவன் வீட்டில் வாளித் தண்ணீரில் குழலை மிதக்கவிட்டுக் காட்டினான். அம்மா இரண்டு முறை உப்புப் போட்டுப் பார்த்தார். ரப்பர் தண்ணீரைவிட லேசு, அதனால் பாலில் இது எதிர்ப்பக்கம் வேலை செய்யும் என்று அவன் விளக்கத் தொடங்கியபோது, “அப்ப நல்ல பாலுல அது கீழ எறங்கும்” என்று அவரே முடித்தார். தோட்டத்தின் சூத்திரங்கள் பள்ளிக்கூடத்திலும் பள்ளியின் சூத்திரங்கள் தோட்டத்திலும் இருந்தன. இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரு குழலும் கொஞ்சம் களிமண்ணும் தேவைப்பட்டன.

அந்தப் பாடம் இப்போது இல்லை. 2017இல் இடைநிலைப்பள்ளிக்கான புதிய பாடத்திட்டம் படிவம் ஒன்றில் தொடங்கியபோது கே.எச். விடைபெற்று ‘ரேக்கா பெந்துக் டான் டெக்னோலோஜி’ வந்தது. தமிழ்ப்பள்ளிகளில் அது ‘வடிவமைப்பும் தொழில்நுட்பமும்’. பாடத்தில் குறையில்லை. சிக்கலை அடையாளம் காண், யோசனைகளை வரை, பொருளைத் தேர்ந்தெடு, செய், சோதி, திருத்து என்ற வரிசை பழைய பாடத்தைவிட ஒருபடி மேலானது. பழைய கே.எச்.சில் யோசிக்கிற வேலை சிக்குவினுடையது, மாணவன் அச்சு பிசகாமல் செய்தால் போதும். குறை அமலில் இருக்கிறது. ‘யோசனைகளை வரை’ என்ற படியில் வண்ணப் பென்சிலும் பல பக்கக் கோப்பும் செலவாகின்றன. ‘செய்’ என்ற படிக்கு வரும்போது கடையில் விற்கும் கிட் பொட்டலம் வருகிறது, அல்லது அப்பாவின் கை வருகிறது. துளைகூடப் போட்டு வந்த பலகையில் நாலு திருகாணி முடுக்கினால் செயல்திட்டம் தயார். கை கீறிவிடும் என்ற பயத்தில் பட்டறைக் கதவு பூட்டப்பட்ட பள்ளிகள் உண்டு. கருவிப் பலகையில் எல்லா வடிவங்களும் நிரம்பியிருக்கும், ஏனென்றால் யாரும் எதையும் எடுப்பதில்லை.

பெற்றோரைச் சொல்லியும் பயனில்லை. ஆறாம் ஆண்டின் யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் ஒழிந்தது, படிவம் மூன்றின் பி.டி.3 அடுத்த ஆண்டு ஒழிந்தது. தேர்வு போனால் பிள்ளைகளின் கைக்கு நேரம் கிடைக்கும் என்று நம்பியவர்களில் அவனும் ஒருவன். கிடைத்த நேரத்தை டியூஷன் எடுத்துக்கொண்டது.

நல்லவையும் நடக்கின்றன. அஸ்தி அமைப்பு தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்காக நடத்தும் அறிவியல் விழாவில் பிள்ளைகளே சோதனை வைத்து, அளந்து, நடுவர் முன் நின்று பேசுகிறார்கள். கம்போங் பேத்தாவின் ஜாக்குன் மக்கள் மெங்குவாங் ஓலையிலும் பிரம்பிலும் பின்னுகிற கைவேலை காஹாங்கிலிருந்து ஒரு முன்பகல் பயணத்தில் இருக்கிறது. சுற்றுலாக்காரர் பார்க்கிறார்கள், பக்கத்துப் பள்ளிக்கூடங்கள் பார்ப்பது அரிது. அதே ஜொகூரில் மூவார் ஊர் ரப்பர் மரத்தில் நாற்காலி மேசை செய்து உலகத்துக்கு அனுப்புகிறது. பால் வற்றிய மரத்தை அடுப்பெரித்த காலம் போய், பூச்சியும் பூஞ்சையும் பிடிக்காமல் போரான் மருந்து ஏற்றிப் பலகையாக்கக் கற்றபிறகு வந்த தொழில் அது. அம்மாக்கள் பால் வெட்டிய மரத்தின் பலகை எப்படி இழைபடும் என்று காஹாங்குப் பிள்ளை ஒன்றுக்குக்கூடத் தெரியாமல் போவது நியாயமா?

இதற்குப் பெரிய பணம் வேண்டாம். ஓய்வுபெற்ற தச்சர், ரவிக்கை தைக்கும் அக்கா, மோட்டார் சைக்கிள் பட்டறை அண்ணன், கத்தி பிடித்த பாட்டி எல்லோரும் பள்ளிக்கு நடந்து வரும் தூரத்தில்தான் இருக்கிறார்கள். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அவர்களைக் கூப்பிடலாம். ஒரு நிபந்தனை மட்டும்: பின்தங்கிய வகுப்புப் பிள்ளைகளை மட்டும் அவர்களிடம் அனுப்பிவிட்டு ‘நல்ல’ வகுப்பைக் கணக்குக்கு உட்கார வைக்கக்கூடாது. முதல் வகுப்பிலிருந்து தொடங்குங்கள். தலைமையாசிரியரின் பிள்ளை அந்தப் பள்ளியில் படித்தால் அதையும் உட்கார வையுங்கள்.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஆண்டறிக்கை வாசித்து முடிந்ததும் யாராவது ஒருவர் எழுந்து இரண்டு கேள்வி கேட்க வேண்டும். நம் பள்ளியில் எத்தனை ரம்பம் இருக்கிறது? போன மாதம் அதை எடுத்த பிள்ளைகள் எத்தனை பேர்?